சென்னியப்பன் வாயில் மிஞ்சியது

வாயைத் திறடா. மனசுக்குள் இப்படித்தான் சொல்கிறேன். வெளியே வருவது வேறு. "வாயத் தொறங்கய்யா, இன்னுங் கொஞ்சம் பெருசா, ஆங், அப்படித்தானுங்க." சென்னியப்பனுடைய இடது கையை என் கையால் பிடித்து மேசைமேல் தட்டுகிறேன். வா-வுக்கு ஒரு தட்டு, ங்க-வுக்கு ஒரு தட்டு, பாட்டு மாதிரி இழுத்து இழுத்து. வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. அதைக் காலையில் எடுத்து அங்கே வைத்தவள் தெய்வாத்தாள், அவனுடைய மனைவி, இப்போதும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் எனக்குப் பெயர் டாக்டரம்மா. டாக்டர் இல்லைங்க, பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குப் பேசப் பழக்குகிற ஸ்பீச் தெரபிஸ்ட், பேர் மகுடேஸ்வரி என்று முதல் நாளே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா வாங்க, டாக்டரம்மா உக்காருங்க, டாக்டரம்மா மோர் குடிங்க. உக்காருங்களாம். இந்தக் கூடத்தில், இந்தச் சோபாவில், மாட்டுக்கொட்டகை கூட்டின சின்னியின் மகள். அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய நேரம் வந்துகொண்டிருக்கிறது, திருப்பூர் பஸ்ஸில் ஏறி, உடுமலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து. முன்வாசல் வழியாக வா என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், பின்பக்கம் போய்விடாதே, பழக்கத்தில் கால் அங்கே போகும், போகவிடாதே. கேட் சத்தம் கேட்கிறது, என் கை தட்டுவதை நிறுத்திவிடுகிறது. கேஸ் சிலிண்டர்க்காரர். மறுபடியும் தட்டு. வா. ங்க. இந்த 'அவன்' என்பதும் உள்ளே மட்டும்தான். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சென்னியப்பன் வந்தான், சென்னியப்பன் போனான் என்று. வந்தான் என்றதுமே, பக்கத்து வீட்டில் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று குழாயைத் திறந்துவிட்டேன். கோயமுத்தூரில் போய்ப் படித்து என்ன பிரயோசனம், தொண்டைக்குள் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், எவனைக் கண்டாலும் ங்க போட்டுப் பேசு கண்ணு, நமக்கெதுக்கு வம்பு என்று.

அவனுக்கு எல்லா வார்த்தையும் போய்விட்டது, ஒன்றைத் தவிர. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் யோசித்துப் பேசுகிற பேச்சு போய்விடும், யோசிக்காமல் பேசிப் பேசித் தேய்ந்துபோன பேச்சு சிலருக்கு மட்டும் தங்கும். ஒரு பாட்டிக்கு முருகா தங்கியது. ஒரு பஸ் கண்டக்டருக்கு ரைட் ரைட் தங்கியது, அவர் பசிக்கும் ரைட் ரைட், பேரனைக் கொஞ்சவும் ரைட் ரைட். சென்னியப்பனுக்குத் தங்கியது வாடி. தண்ணீர் வேண்டுமானால் வாடி, முதுகு வலித்தால் வாடி, அழும்போதும் வாடி வாடி என்றுதான் அழுகிறான். ஆஸ்பத்திரியில் முதல்முதலாக அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு நின்றதும் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன். ஐம்பது வருசமாக அந்த வாயிலிருந்து எது அதிகம் வந்ததோ அது மிஞ்சியிருக்கிறது. யாரும் அவன்மேல் கேஸ் போடவில்லை, சாட்சி சொல்லவில்லை, அவன் மூளையே சாட்சி சொல்லிவிட்டது. கோயமுத்தூரிலிருந்து வந்த பெரிய டாக்டர், ஆம்பளை, குனிந்து கண்ணில் டார்ச் அடித்தார், அவருக்கும் வாடி. மகன் கனகராஜ் அசடு வழிந்துகொண்டு நின்றான். பேத்தியைக் கட்டப்போகிற சம்பந்தி வீட்டார் பழத்தட்டோடு பார்க்க வந்தார்கள், அந்தப் பெரியவர் கும்பிட்டார், இவன் அவர் முகத்தை நேராகப் பார்த்து வாடி என்றான். காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்களாம். இந்தப் பக்கத்தில் விருந்தில் உப்புக் குறைந்தால் மறந்துவிடுவார்கள், வாசலில் நின்று வாங்க என்று சொல்லவில்லை என்றால் பேரன் காலம்வரை பேசமாட்டார்கள். "டாக்டரம்மா, அப்பா வேற எதுவும் பேசாட்டியும் போவுது, கல்யாண மண்டபத்து வாசல்ல சேர்ல உக்கார வெச்சுக்கறோம், வர்றவங்களுக்கு வாங்கன்னு மட்டும் சொல்லிட்டாப் போதும், எங்க மரியாதையைக் காப்பாத்திக் குடுங்க" என்றான் கனகராஜ். மரியாதையைக் காப்பாத்திக் குடுங்க. என்னிடம் வந்து. நல்லது, காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்று மனசுக்குள் சொன்னேன். வெளியே சரிங்க என்று சொன்னேன்.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு மரியாதை வாயிலேயே பிறந்தது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்பார்கள் என்று. என் கூடப் படித்த நாகர்கோயில்காரி கேட்டுக் கேட்டு வியப்பாள், எவ்வளவு அழகுடி உங்க பேச்சு என்பாள். நான் தலையாட்டுவேன். அந்த அழகுக்கு ஒரு வேலி உண்டு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றால் நாய்க்குட்டிக்குக் கிடைப்பது உனக்குக் கிடைக்காது. அம்மாவின் பெயர் சரஸ்வதி. சென்னியப்பனின் அக்காவுக்கும் அதே பெயர், ஆகவே இந்தத் தோட்டத்தில் அம்மாவின் பெயர் சின்னி என்று ஆனது, யாரும் கேட்கவில்லை, முதல் நாளே மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. கனகராஜுக்கு நாலு. "வாங்க சாமி, பாலுக் குடிங்க சாமி" என்று அம்மா அவன் பின்னால் டம்ளரோடு ஓடுவாளாம், அவன் திரும்பி நின்று "போடி சின்னி" என்பானாம், பெரியவர்கள் சிரிப்பார்களாம், பாரு, பேச்சு எத்தனை தெளிவா வருது என்று. தெய்வாத்தாள் டி-கூடப் போடமாட்டாள், அவளுக்கு அதுவும் அதிகம். "அது வந்துருச்சா? அதுக்குச் சோறு போட்டாச்சா?" அம்மாவும் ஒன்று, எருமையும் ஒன்று. அப்பாவை மாரா என்று கூப்பிடுவார்கள், மாரப்பன் என்பது ரேஷன் கார்டில் மட்டும்தான் முழுதாக இருந்தது. பகலெல்லாம் டா வாங்கிக்கொண்டு வருவார், வீட்டுக்குள் கால் வைத்ததும் குரல் திரும்பிவிடும், ஏன்டி, சோறு எங்கடி, எங்கடி தொலைஞ்ச. வாங்கின டா-வை எல்லாம் டி-யாக்கி அம்மா தலையில் இறக்கிவைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். அம்மா அதை யார் தலையில் இறக்குவாள்? எனக்குக் கீழே யாரும் இல்லை, நான்தான் கடைசி. என்னிடம் இறக்கியதில்லை. என்னைக் கண்ணு என்பாள். பாருங்கள், இப்போதுகூட அப்பா வருவார், அம்மா வருவாள் என்றுதான் நினைக்கிறேன், பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இருந்த மாதிரியே. அம்மா வருவார் என்று நினைத்துப் பார்க்கிறேன். யாரோ வேற்று மனுசி போல இருக்கிறது. அம்மாவுக்கு மரியாதை கொடுத்தால் அம்மா தூரமாகிவிடுகிறாள், இது என்ன அநியாயம், யார் இப்படி வைத்தது. வா. ங்க. தட்டு. அப்பா செத்த அன்று காலையில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டின் பின்கேட்டில் வந்து நின்றாள். இன்னைக்கு வேலைக்கு வரமுடியாதுங்க பண்ணாடி, எங்கூட்டுக்காரரு போயிட்டாருங்க. எனக்குப் பத்து வயது. பண்ணாடி, தோட்டத்துக்காரன் சென்னியப்பன், பல் விளக்கிக்கொண்டிருந்தான், துப்பிவிட்டுச் சொன்னான், "அதுக்கென்ன பண்றது. வாடி, வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டுப் போ." அம்மா போனாள். எல்லா மாட்டுக்கும் காட்டினாள். நான் பின்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கேட்டில் துரு, கையெல்லாம் துரு, அந்தக் கையோடுதான் அப்பாவின் காலைத் தொட்டேன்.

அதனால்தான் அந்த அட்டை. மேசைமேல் அவன் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேனே, இது. ஒரு சொல்லைப் பழக்க ஒரு படம் வேண்டும், படத்தைக் காட்டிச் சொல்லைச் சொல்லவைக்க வேண்டும். வாங்க என்பதற்கு எந்தப் படம்? விருந்தாளியின் படம். அம்மாவின் போட்டோவைப் பெரிதாக பிரிண்ட் போட்டேன். திருப்பூரில் என் வாடகை வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், இளநீலப் பட்டு, கண்ணாடி, தலையில் கொஞ்சம் பூ. எடுத்து வந்த முதல் நாள் அதை மேசைமேல் நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிடுவார்கள், மாட்டிக்கொள்வேன், வெளியே போ என்பார்கள், டி போட்டுச் சொல்வார்கள். தெய்வாத்தாள் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். இருபது வருசம் இந்த வீட்டில் சாணி அள்ளின முகம். "யாருங்க இது, உங்க டீச்சருங்களா? நல்ல லட்சணமா இருக்கறாங்க" என்றாள். இருக்கறாங்க. என் அம்மாவை. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, ஏனென்றால் அம்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. ஆமாங்க, டீச்சருங்க என்றேன். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைத் துழாவினேன். அன்றிலிருந்து ஒன்றரை மாதமாக, ஞாயிறு தவிர, தினமும் இவன் என் அம்மாவைப் பார்த்து வாங்க சொல்லப் பழகுகிறான். முதலில் எச்சில்தான் வந்தது. பிறகு வா. பிறகு வாடி, எல்லாம் வாடி, அட்டையைக் கவிழ்த்துவிடுவேன், தப்புங்கய்யா, மறுபடியும். போன வாரம் ங்க வந்தது. சுத்தமாக வந்தது. தெய்வாத்தாள் ஓடிப்போய்ப் பூஜை அறையில் விளக்கேற்றினாள். அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒரே படத்தைக் காட்டிப் பழக்காதே, சொல் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பத்துப் பேர் படத்தை மாற்றி மாற்றிக் காட்டு, இதுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது. நான் மாற்றவில்லை. தெரிந்தேதான் மாற்றவில்லை. கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் கலெக்டரே வந்தாலும் அவருக்கு வாடிதான், என் அம்மா ஒருத்திக்கு மட்டும் வாங்க. பாவம் இல்லையா என்று சில நாள் சாப்பிடும்போது தோன்றும். செய்கிற தொழிலுக்குத் துரோகம் என்றும் தோன்றும். அப்புறம் துரு ஞாபகம் வரும், சரியாகிவிடும். நேற்று அவன் அட்டையைப் பார்த்து வாங்க சொல்லி முடித்ததும் தெய்வாத்தாள் வந்து அட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். "ஏனுங்க, என்னையப் பாருங்க" என்றாள். கட்டின நாளிலிருந்து அவனைப் பேர் சொல்லாதவள், ஏனுங்க, இங்க பாருங்க, அவரு வந்துட்டாரு, அவரு சொன்னாரு, எல்லாம் ங்க-வும் ரு-வும் போட்டே வாழ்ந்தவள். பார்த்தான். "வாடி" என்றான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் காதோரம், "எம்பட போட்டோவும் ஒண்ணு அதுல வெப்பீங்களா டாக்டரம்மா? ஒருக்காவாச்சும் கேட்டுக்கறேன்" என்றாள். மூக்கு சிவந்திருந்தது. இவளுக்கும் ஐம்பது வருசமாக அதே வாடிதானே, பட்டுச் சேலை கட்டிய வாடி. ஆனால் அது வந்துருச்சா என்று கேட்டவள் இவள். "மொதல்ல இது ஒண்ணு சரியா வரட்டுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவன் வாங்க சொல்வதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "பண்ணாடியா சொல்றாரு?" என்றாள். ஆமாம்மா. "எம்பட போட்டோவப் பாத்தா?" ஆமாம்மா. "அதுல நான் எந்தச் சேல கட்டியிருக்கறேன்?" என்று கேட்டாள். நீலப் பட்டு, அதையே கட்டிக்கிட்டு வா, கண்ணாடி போட்டுக்க, பூ வெச்சுக்க, போட்டோவுல இருக்கற மாதிரியே வந்து அவன் எதிர்ல உக்காரு என்றேன். அவன் என்று போனில் வந்துவிட்டது, அம்மா திட்டவில்லை. எதுக்கு இப்படிப் படித்துப் படித்துச் சொன்னேன் என்றால் பயம். அட்டையில் இருக்கிற முகத்துக்கு வாங்க. ஆனால் மண்டைக்குள் இன்னொரு முகம் இருக்கிறது, பின்கேட்டில் நிற்கிற முகம், அதற்குப் போட்ட சொல் இருபது வருசப் பழக்கம், அதுதான் எல்லாம் போன பிறகும் போகாமல் நிற்பது. அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டால் எந்தச் சொல் வரும்? அடையாளம் தெரியாமல் வாங்க சொன்னால் அது யாருக்கோ சொன்னது, அது எனக்கு வேண்டாம். அடையாளம் தெரியவும் வேண்டும், வாங்க வரவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வருமா? வராவிட்டால், இத்தனை வருசம் கழித்து, பஸ் ஏறி வந்து, என் பேச்சைக் கேட்டு முன்வாசல் வழியாக வந்து, அம்மா மறுபடியும் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு போவாள். நான்தான் கூட்டிவந்து கொடுத்ததாக ஆகும். போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பஸ் உடுமலையை நெருங்கியிருக்கும். சொல்லலாம், உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் என்று. போன் பையில். கை அவன் கையோடு இருக்கிறது, தட்டுகிறது. வா. ங்க. வா. ங்க. இரண்டு சொல்லுக்கும் வா-தான் முதலில், பாவி, வா வரைக்கும் எந்தப் பக்கம் போகிறான் என்று தெரியாது. "யாரோ வர்றாங்களாட்ட இருக்குது" என்கிறாள் தெய்வாத்தாள், கதவோரத்திலிருந்து.

அம்மா நீலப் பட்டு கட்டவில்லை. கண்ணாடி இல்லை, பூ இல்லை. வெளுத்த பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள், கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டிருக்கிறாள், அந்தக் காலத்தில் வேலைக்கு வரும்போது போடுகிற அதே கொண்டை. எங்கே பிடித்தாள் இந்தச் சேலையை, இத்தனை நாள் பெட்டியில் வைத்திருந்தாளா? அம்மா, என்ன காரியம் பண்ணினாய், நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்துவிட்டு வந்து நிற்கிறாய். கேட்டிலிருந்து நேராகப் படியேறி, நிலைக்கு உள்ளே வந்து, நிற்கிறாள். கும்பிடவில்லை. ஒரு கையைத் தொங்கவிட்டு, இன்னொரு கையில் மஞ்சப்பை. என் கையில் அவனுடைய கை இருக்கிறது, அதன் வழியாக எனக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரிந்துவிட்டது. விரல் ஐந்தும் இறுகுகின்றன. அவன் கண் அம்மாவிடமிருந்து விலகிக் கொல்லைப்பக்கக் கதவுக்குப் போகிறது, மாட்டுக்கொட்டகை இருக்கிற பக்கம், போய்த் திரும்பி அம்மாவிடம் வருகிறது. "சின்னியல்லோ!" என்கிறாள் தெய்வாத்தாள், "இது நம்ம சின்னி... ஏய், நீ எப்படி முன்னால..." அவள் வாய் பாதியில் நிற்கிறது, மேசைமேல் இருக்கிற அட்டையைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். நான் பார்க்கவில்லை, எனக்கு நேரமில்லை, நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதடு பிரிகிறது. "வா" என்கிறான். நின்றுவிட்டான். நாக்கு மேலே போகிறது, மடிந்து மேலண்ணத்துக்கு, டி-க்குப் போகிற இடம், எனக்குத் தெரியும், தினமும் அந்த நாக்கோடு மல்லுக்கட்டுகிறவள் நான், போகாதே, வேண்டாம், இறங்கு, இறங்குடா. கன்னம் துடிக்கிறது, எச்சில் ஒழுகுகிறது. நான் தட்டவில்லை. தட்டினால் நான் சொன்னதாக ஆகிவிடும். அவன் நாக்கு இறங்குகிறது. "ங்க" என்கிறான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, அம்மாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் இன்னொரு முறை, முழுதாக, "வாங்க."

யாராவது வாங்க என்றால் வந்தனுங்க என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் கூப்பிட்டவன் வாயை மூடலாம், இல்லாவிட்டால் கூப்பிட்டது அந்தரத்தில் நிற்கும், அதைவிடப் பெரிய அவமானம் இந்த ஊரில் இல்லை. அம்மாவுக்கு இது தெரியாதா என்ன. அம்மா நிலையிலிருந்து நடந்து வந்து சோபாவில், எனக்குப் பக்கத்தில், நன்றாகச் சாய்ந்து உட்கார்கிறாள். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். பதில் சொல்லவில்லை. "வாங்க" என்கிறான். அம்மா மின்விசிறியைப் பார்க்கிறாள். "வாங்க. வாங்க." மாட்டிக்கொண்டான், இந்த வியாதியில் இது உண்டு, சொல் சிக்கிக்கொண்டால் பதில் வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், கையைப் பிடித்து அழுத்தி நிறுத்தவும் எனக்குத் தெரியும். அவன் கையை விட்டுவிட்டு என் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்கிறேன். "வாங்க. வாங்க. வாங்க." வியர்க்கிறது அவனுக்கு, மார்பு ஏறி இறங்குகிறது, கண் கெஞ்சுகிறது, அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெய்வாத்தாள் அருகே வருகிறாள். "சின்னி, பதில் சொல்லு." வாங்க. "சொல்லேன், நிறுத்தமாட்டேங்கறாரு." வாங்க, வாங்க. அவள் குரல் இறங்குகிறது, இறங்கி இறங்கி நான் இந்த வீட்டில் கேட்டே இராத இடத்துக்கு வருகிறது. "சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வந்தனுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, அவருக்கு மூச்சு எரைக்குதுங்க." அம்மா இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்க்கிறாள். கோபம் இல்லை அந்த முகத்தில், எனக்கு இருக்கிற மாதிரி ஒன்றும் இல்லை, வெயிலில் வந்தவள் நிழலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. "சொல்லட்டுங்க அம்மிணி" என்கிறாள் அம்மா. "இன்னுங் கொஞ்சம் சொல்லட்டும். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது." அவன் சொல்கிறான். தெய்வாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.